எதுகைக்குப் பாய்ந்த தண்ணீர்

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி மாதத்தில், திருமழிசைக்கு மேற்கே ஒன்றரை மைல் தள்ளியிருந்த சிற்றூரில் நடந்தது இது. எனக்கு அப்போது வயது இருபத்தாறு. எட்டாம் வகுப்பு வரை இருந்த பள்ளி. ஆசிரியர்கள் ஐந்து பேர்; அதில் தமிழ் என் தலையில். என் வகுப்பறைக்கு மூன்று ஜன்னல்; இரண்டுக்குக் கதவு கிடையாது. ஜன்னலிலிருந்து முப்பத்தொரு எட்டு வைத்தால் ஒரு கிணறு. என் தொல்லையெல்லாம் அந்தக் கிணற்றிலிருந்துதான் வந்தது.

கிணற்றில் ஏற்றம் போட்டிருந்தார்கள். நட்டுவைத்த கால்மேல் ஒரு நீண்ட மரம் கிடக்கும். அதன்மேல் இரண்டு பேர் முன்னும் பின்னுமாக நடப்பார்கள். மரம் தாழ்ந்து எழும். மரத்தின் நுனியில் கட்டிய கழியில் தண்ணீர் மொள்ளும் சால் தொங்கும். கிணற்று வாயில் நிற்கிற ஒருவர் சாலை முக்கி, மேலே வந்ததும் வாய்க்காலில் கவிழ்ப்பார். ஒரு சாலுக்கு ஓர் அடி பாட்டு. பாடுகிறவர் அவர்தான். முப்பது வயதிருக்கும். குரல் கணீரென்று இருக்கும். அதுதான் கஷ்டம். மெல்லிய குரலாக இருந்திருந்தால் நான் பாடம் நடத்தியிருப்பேன்.

எட்டாம் வகுப்புக்கு யாப்பும் அணியும் கொஞ்சம் உண்டு. அடிகளில் முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை, ஒன்றைப்போல் இன்னொன்று என்று சொன்னால் உவமை. இதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. பதினொரு பிள்ளைகளில் ஒருவனுக்காவது ஏறவேண்டுமே. நிலாவுக்கு ஓர் உவமை சொல் என்றால், ஒருவன் எழுந்து, "நிலா நிலா மாதிரியேதான் கீது சார்" என்றான். எதுகைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் ஜன்னல் பக்கம் காதைத் திருப்பி, அந்த நேரத்தில் கிணற்றில் ஓடுகிற அடியை அப்படியே ஒப்பித்தார்கள்.

அந்தப் பாட்டு எப்படிப்பட்டது தெரியுமா?

ஒத்தப்பன நிக்குதையா பிள்ளையாரே
ரெட்டமாடு மேயுதையா பிள்ளையாரே
மூக்குத்தி தொலைஞ்சதையா பிள்ளையாரே
நார்த்தங்கா ஊறுதையா பிள்ளையாரே

இப்படிப் பத்து அடி. பிறகு அதே பத்து அடி, பிள்ளையாருக்குப் பதில் வேலவனே. பிறகு அதே பத்து, மாரியம்மா. இப்படிப் பத்துச் சாமி, கடைசியில் எல்லையம்மா. நான் நோட்டில் எழுதிவைத்து ஆராய்ந்தேன். அடுத்தடுத்த அடிகளில் மோனை இல்லை. எதுகை ஒரே ஓர் இடத்தில், அதுவும் தற்செயல். பனைக்கும் மாட்டுக்கும் என்ன உறவு, மாட்டுக்கும் மூக்குத்திக்கும் என்ன உறவு, மூக்குத்தி தொலைந்த வீட்டில் ஊறுகாயை யார் கவனிப்பார்கள்? இந்தப் பத்து வரியை ஒரே காலைப்பொழுதில் நாற்பது முறை கேட்டவன் நான்.

அந்த நேரத்தில்தான் பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கடிதம் வந்தது. அவருக்கு ஏட்டுப் பாடம் பிடிக்காதாம். இலக்கணத்துக்கு ஊரிலிருந்தே எடுத்துக்காட்டு கேட்பாராம். என் வேலை அப்போது தற்காலிகம். அவர் எழுதப்போகிற நாலு வரியில்தான் அது நிலைக்க வேண்டும். ஊரிலிருந்து எடுத்துக்காட்டு என்றால் எனக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது அந்த ஏற்றப்பாட்டு ஒன்றுதான். அதுவோ இந்த லட்சணம். எனவே நானே ஒன்று எழுதினேன். இருபது அடி. நாலு அடி சொல்கிறேன்:

கத்தரிக்குத் தண்ணி விட்டு
முத்துமுத்தாக் காய்பறிப்போம்
புத்தம்புதுக் கூடையிலே
ஒத்துமையா ஏத்திவைப்போம்

கத், முத், புத், ஒத் என்று எதுகை ஒன்றுகூடத் தவறவில்லை. இதை எடுத்துக்கொண்டு முப்பத்தொரு எட்டையும் வைத்துக் கிணற்றுக்குப் போனேன்.

"என் பாட்டுல இன்னா கொற வாத்யாரே?" என்றார் ஏற்றக்காரர்.

"ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் சம்பந்தமே இல்லையேப்பா."

"எனக்கும் கெணத்துக்கும் சம்பந்தம் கீது. அது போதாதா?"

மரத்தின்மேல் நின்ற இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் பாட்டைப் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது; இரண்டு முறை கேட்டதும் இருபது அடியும் வாய்க்கு வந்துவிட்டது. என் எட்டாம் வகுப்புக்கு அது இருபது நாள் வேலை.

"நல்லாத்தான் கீது. கல்யாணத்துல பாடலாம்," என்றார். "ஆனா இத்த வச்சிகினு தண்ணி எறைக்க முடியாது. என் பாட்ட வுட்டா எண்ணிக்க பூடும்."

எதை எண்ணவேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கிணறு அவருக்கும் அவர் அண்ணிக்கும் பொது. அண்ணன் பெரம்பூரில் ரயில் பட்டறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். நிலத்தைப் பார்த்துக்கொண்டது அந்த அம்மாள்தான். வெயில் காலத்தில் கிணறு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஊறும். ஊறினால் நானூறு சால். முதல் இருநூறு தம்பி நிலத்துக்கு, அடுத்த இருநூறு அண்ணி நிலத்துக்கு. இறைப்பது இரண்டுக்கும் அதே மூவர்தான். இருநூறு முடிந்ததும் அண்ணி மடையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். இதெல்லாம் தெரியும். ஆனால் அவர் பாட்டுக்கும் எண்ணிக்கைக்கும் என்ன தொடர்பு என்று மட்டும் நான் கேட்கவில்லை. பழகின பாட்டை விட மனமில்லாமல் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"சாலை நான் எண்ணுகிறேன்," என்றேன். "இருநூறு ஆனதும் கையைத் தூக்குகிறேன். இந்த ஊரில் நான் எண்ணாதது ஏதாவது இருக்கிறதா?"

"அத்த சொல்லு. எங்க ஊட்டுக் கூரைல எத்தினி ஓலைன்னுகூட எண்ணி வச்சிருப்ப."

வைத்திருந்தேன். அது இருக்கட்டும். முந்தின வருஷம் அவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த நன்றிக்காகத்தான் ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

வெயில் காலப் பள்ளி ஏழு மணிக்கே தொடங்கிவிடும். இன்ஸ்பெக்டர் அதற்கும் முன்னால் வண்டியில் வந்து இறங்கினார். புங்கமரத்தடியில் நாற்காலி போட்டோம். பதினொரு பிள்ளைகளும் வரிசையாக நின்றார்கள். ஏற்றம் ஏறி இறங்கியது. என் பாட்டு எழுந்தது. அந்தக் குரலில் என் எழுத்தைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். பத்துச் சால் வரை விரல்விட்டு ஒழுங்காக எண்ணினேன்.

அப்புறம் இன்ஸ்பெக்டர், "எத்தனை எதுகை வருகிறது என்று குறியுங்கள், பார்ப்போம்," என்றார்.

எண்ணச் சொன்னால் எனக்கு வேறு ஒன்றும் ஓடாது. நோட்டை எடுத்தேன். எதுகைக்கு ஒரு கோடு. பாடுகிறவர் வாய்தவறி விட்ட அடிக்குக் கோடு இல்லை. நடுநடுவே இன்ஸ்பெக்டர், அந்த அடியை இன்னொருமுறை பாடச் சொல்லுங்கள் என்பார். பாட்டு நிற்கும், திரும்பும், மறுபடி வரும். சால் மட்டும் நிற்கவில்லை. பிள்ளைகள் எதுகை எதுகை என்று கத்தினார்கள். ஏற்றக்காரர் இரண்டு முறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பாராட்டை எதிர்பார்க்கிறார் என்று நினைத்து இரண்டு முறையும் தலையை ஆட்டினேன்.

வெகுநேரம் கழித்து, இன்ஸ்பெக்டர் போதும் என்று எழுந்து இளநீரை வாங்கிக்கொண்டார். அப்போதுதான் வயலின் அந்தக் கோடியிலிருந்து அந்த அம்மாள் மண்வெட்டியோடு நடந்து வந்தார்.

"இன்னா நைனா, இன்னிக்கு எல்லையம்மா வரவே இல்ல," என்று கொழுந்தனாரைக் கேட்டார். "காத்துகினே கீறேன். எத்தினி சால் ஆச்சு?"

அவர் என்னைப் பார்த்தார்.

"வாத்யாரா எண்ணறாரு? எத்தினி வாத்யாரே?"

நோட்டைப் பார்த்தேன். நூற்று நாற்பத்து மூன்று கோடுகள் இருந்தன. அத்தனையும் எதுகை. சால் ஒன்றுகூட இல்லை. ஆறு எட்டுத் தூரத்தில் இன்ஸ்பெக்டர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இருநூறு," என்றேன். "இப்பத்தான் முடிஞ்சது."

"அப்ப சரி. நீ எண்ணினா தப்பாது."

அவ்வளவுதான். மறுபேச்சு இல்லை. போய் மடையைத் திருப்பிக்கொண்டார். மறுபடி இறைத்தார்கள். இந்த முறை நான் சாலை எண்ணினேன், யாரும் கேட்காமலே. முப்பத்தெட்டாவது சாலில் சேறு வந்தது. நானூற்றில் முப்பத்தெட்டு போனால் முந்நூற்று அறுபத்திரண்டு. அந்த அம்மாளின் பங்கில் நூற்று அறுபத்திரண்டு சால் தண்ணீர் என் எதுகையோடு சேர்ந்து தம்பி நிலத்துக்குப் போயிருந்தது. மனக்கணக்கில் நான் என்றைக்கும் மட்டமில்லை.

அந்த அம்மாள் கிணற்றை எட்டிப் பார்த்தார். "ஊத்துதான் அடச்சிகினு கீது போல. ஆள வுட்டுத் தூர் வாரணும் நைனா," என்றார். ஏற்றக்காரர் காலில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்குள் போய்விட்டேன்.

இன்ஸ்பெக்டர் மத்தியானம் கிளம்பும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் மறுபடி கணக்குப் போட்டேன். அந்த அம்மாளின் நிலத்தில் பாதி கேழ்வரகு; அது அறுப்புக்கு வந்துவிட்டது, போனால் போகட்டும். மீதிப் பாதியில் முந்நூறு கத்தரிச் செடி, பூவும் பிஞ்சுமாக. பங்குனி வெயிலில் அடுத்த முறைவரை இரண்டு நாள் காய்ந்தால் பூ அத்தனையும் உதிரும். அது உதிர்ந்தால் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். எனக்கோ வேலை நிலைத்த மாதிரிதான்.

நாலு மணிக்குப் போனேன். அந்த அம்மாள் குட்டையிலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து செடிக்குச் செடி ஊற்றிக்கொண்டிருந்தார். குட்டைக்கும் வயலுக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. நின்று, சொல்லிவிட்டேன். இருநூறு என்றது பொய், நான் சாலை எண்ணவே இல்லை, ஊற்றில் கோளாறு இல்லை என்று.

குடத்தைக் கீழே வைத்தார்.

"காலைல அல்லாரும் கத்தினீங்களே, எதுகையோ புதுகையோ. அத்த எண்ணிகினு கீறியா?"

"ஆமாம்மா."

"அது இன்னாத்துக்கு ஒதவும்? செடி குடிக்குமா?"

"இல்லம்மா."

"தெரியலன்னு ஒரு வார்த்த சொன்னா உன் வாயி வெந்தா பூடும்? நான் பாட்டுக்கு ஊத்தத் திட்டிகினு, தூர் வார ஆளுக்குச் சொல்லி அனுப்ச்சிட்டேன். படிச்சவன் நீ, கூசாம சொல்ற. நானும் பொம்பள, கேட்டுகினு போறேன்." பக்கத்தில் கிடந்த இன்னொரு குடத்தைக் காலால் என் பக்கம் தள்ளினார். "நிக்காத. தூக்கு. ஆறு செடிக்கு ஒரு கொடம். இந்தப் பக்கத்துலேர்ந்து நான், அந்தப் பக்கத்துலேர்ந்து நீ. எந்தச் செடி வரைக்கும் ஊத்தினன்னு எண்ணிக்க வச்சிக்கோ. காஞ்ச மண்ணு, ஊத்தின தடமே தெரியாது."

ஐம்பது குடம். ஆளுக்கு இருபத்தைந்து. எனக்குக் குடம் தூக்கிப் பழக்கமில்லை. ஐந்தாவது குடத்தில் தோள் எரிந்தது. பத்தாவதில் வேட்டி முழுக்க நனைந்து காலைத் தடுக்கியது. பள்ளிப் பிள்ளைகள் நாலு பேர் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், துரத்தக்கூட மூச்சில்லை. அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. எண்ணிக்கை விட்டுப்போயிற்று. எனக்கு. பதினேழா பதினெட்டா தெரியவில்லை. நின்று செடிகளைப் பார்க்கிறேன், எல்லாம் ஒரே மாதிரி நிற்கின்றன.

"எத்தினி ஆச்சு?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

காலையில் சொன்னதுபோல் ஓர் எண்ணைச் சொல்ல நாக்கு வந்தது. கடித்துக்கொண்டு, "தெரியலம்மா," என்றேன்.

"பதினெட்டு," என்றார் அவர், குனிந்த தலை நிமிராமல்.

"உங்க குடமா?"

"உன்துதான். என்து பத்தொம்பது."

இரண்டு பேருடையதையும் எப்படி எண்ணுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அடுத்தமுறை குட்டையில் பக்கத்தில் குனிந்தபோது அவர் உதடு அசைவதைக் கவனித்தேன். முணுமுணுத்தது அந்தப் பாட்டுத்தான். எனக்காக ஓர் அடி, தனக்காக ஓர் அடி. "எள்ளுச்செடி பூக்குதையா வேலவனே" என்று நான் ஊற்றி முடித்த குடத்துக்கு. எ என்றால் எட்டு. வேலவன் என்றால் இரண்டாம் பத்து. பதினெட்டு.

குடத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். ஒண்ணுக்கு ஒத்தப்பன. ரெண்டுக்கு ரெட்டமாடு. மூணுக்கு மூக்குத்தி. நாலுக்கு நார்த்தங்காய். பத்து அடிக்கு ஒரு சாமி, பத்துச் சாமிக்கு ஒரு நூறு. எல்லையம்மா இரண்டாம் முறை வந்துபோனால் இருநூறு, மடையைத் திருப்பு. அண்ணி வயல் கோடியில் நின்றபடியே கேட்டுக்கொள்வார். பாட்டில் மோனை இல்லை என்று நோட்டில் எழுதிவைத்தவன் நான். மோனை ஒவ்வோர் அடியிலும் இருந்தது. பாடுகிறவர் வாய்விட்டுச் சொல்லாத எண்ணோடு அது ஒன்றியிருந்தது. நான் அதை அடுத்த அடியில் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எண்ணுகிறவன் என்று பெயர் வேறு.

அப்போதும் என் புத்தி போகவில்லை. "ஒண்ணுக்கும் ஒம்பதுக்கும் ஒரே எழுத்து வருதே, குழம்பாதா?" என்றேன்.

"எட்டு முடிஞ்சா ஒம்பது வராம ஒண்ணா வரும்? நட வாத்யாரே, பொழுது போவுது."

இருட்டுவதற்குள் ஐம்பது குடமும் முடிந்தது. பூ உதிரவில்லை. உதிர்ந்தது எத்தனை என்று கேட்டால் மறுநாள் காலையில் பதினொன்று. அது எப்போதும் உதிர்வதுதான் என்றார் அந்த அம்மாள்.

அடுத்த முறையன்று விடியும்போதே கிணற்றடிக்குப் போய், மூவரும் கேட்க, எண்ணிக்கை கெட்டது என்னால்தான் என்று சொன்னேன். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணிக்கை கெட்டால், பாடினவர் வீட்டுக்கு அடுத்த முறை தண்ணீர் கிடையாது. நானூறும் மற்றவருக்குப் போய்விடும். கெடுத்தது நான், அவரை ஏன் தண்டிக்க வேண்டும் என்று வாதாடினேன்.

"பாடினது என் வாயி," என்றார் ஏற்றக்காரர். "முந்நூறு தாண்டும்போதே என் கைக்குத் தெரிஞ்சிட்ச்சு வாத்யாரே. ரெண்டு வாட்டி உன்னப் பாத்தேன். நீ தலைய ஆட்டிகினே கீற. ஆபீசர் முன்னாடி உன்ன இன்னா கேக்கறது?" பிறகு மரத்தின்மேல் நின்றவர்களைப் பார்த்து, "ஏறுங்கப்பா. அண்ணிக்கு நானூறு," என்று சொல்லிவிட்டு ஒத்தப்பனையைத் தொடங்கினார். கொழுந்தனாரும் அண்ணியும் மாத முடிவுவரை நேராகப் பேசிக்கொள்ளவில்லை. ஒத்துமையா ஏத்திவைப்போம் என்று நான் எழுதினதற்கு இது பலன்.

இன்ஸ்பெக்டரின் அறிக்கை பின்னால் வந்தது. அந்த ஊர் ஏற்றப்பாட்டில் எதுகை நயம் மிகச் சிறப்பு என்றும், அதைப் பிரதி எடுத்துச் சுற்றிலும் உள்ள ஏழு பள்ளிகளுக்கு அனுப்பவேண்டும் என்றும் எழுதியிருந்தார். ஏழு பிரதியையும் நானே எழுதினேன். இந்தப் பாட்டைப் பாடி யாரும் நீர் இறைக்க வேண்டாம் என்று ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி சேர்த்தேன். ஏன் சேர்த்தீர் என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒன்றரைப் பக்கத்துக்கு நடந்ததை எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம் எதுகையும் மோனையும் நடத்தினேன். பிள்ளைகள் கொண்டுவருகிற பாட்டில் ஓசை பிசகினால், இதை யார், என்ன வேலை செய்துகொண்டு பாடுவார்கள் என்று கேட்காமல் தப்பு என்று எழுதியதில்லை. சாலை எண்ணாமல் எதுகையை எண்ணினேன் என்பது வருஷம் போகப்போக எனக்கே சிரிப்பாகிவிட்டது. ஆனால் என் பொய்யை அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் நம்பிக்கொண்டு மண்வெட்டியோடு திரும்பி நடந்தாரே, அது மட்டும் இன்றுவரை சிரிப்பாகவில்லை.